சென்று தேய்ந்திறும் ஐந்தாம் அலகு: பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திட்ட ஆக்கம் குறித்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழுக்குரிய பாடத்திட்டம் பெரும்பாலும் நூற்பட்டியலாகவே வரையப்படுகிறது. எந்தப் பாடத்திற்கு எத்தனை பாடவேளை, அப்பாடவேளையில் மாணவர் செய்ய வேண்டுவது யாது என்னும் இரண்டும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. புதிதாகப் பணியேற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பருவத்திற்குரிய பாடத்திட்டத்தை மறுவரைவு செய்த பட்டறிவின் அடிப்படையில், பாடத்திட்டம் என்பது முதன்மையாக நேரப் பங்கீடே என்னும் கருத்தை இவ்வுரை முன்வைக்கிறது. நன்னூற் பாயிரம் கூறும் யாப்பு, கேட்போர், பயன், கோடல் மரபு ஆகிய கருத்துகள் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பகுதி ஒன்று தமிழ், பாடத்திட்டம், பாடவேளை, நன்னூல், பாயிரம், கோடல் மரபு, மதிப்பீடு.

முன்னுரை

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்ட நிலையில், தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் தற்காலிக உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பணியேற்ற இரண்டாம் ஆண்டில், இளநிலை வணிகவியல் மாணவர்க்குரிய பகுதி ஒன்று தமிழின் இரண்டாம் பருவப் பாடத்திட்டத்தை மறுவரைவு செய்து தருமாறு துறைத்தலைவர் பணித்தார். பாடத்திட்டக் குழுவின் கூட்டத்திற்குப் பத்து நாள்களே இருந்தன. முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, தேசியத் தகுதித் தேர்விலும் வெற்றிபெற்றிருந்த எனக்கு, அந்தப் பத்து நாள்களில் முதல் மூன்று நாள்கள் எங்குத் தொடங்குவது என்பதே விளங்கவில்லை. ஒரு நூலை ஆராயக் கற்றிருந்தேன். ஒரு வகுப்பிற்கு எதை, எந்த வரிசையில், எத்தனை மணி நேரம் கற்பிப்பது என முடிவு செய்ய எவரும் எனக்குக் கற்பித்ததில்லை.

அக்கல்லூரியில் வணிகவியல் மாணவர் இரண்டு பருவங்கள் மட்டுமே தமிழ் பயில்கின்றனர். ஆதலின், நான் வரைய வேண்டியிருந்த தாள் அவர்களுள் பெரும்பாலோர்க்கு வாழ்வின் இறுதித் தமிழ் வகுப்பு. மழலையர் பள்ளி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் நீண்ட ஒரு கல்வி அந்தத் தாளோடு முடிகிறது. அம்முடிவு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினாவே இக்கருத்துரைக்கு அடிப்படை.

பட்டியலும் பாடவேளையும்

எனக்குக் கையளிக்கப்பட்ட பழைய பாடத்திட்டம் ஐந்து அலகுகளைக் கொண்டிருந்தது. முதல் அலகு சங்க இலக்கியம், இரண்டாவது அற இலக்கியம், மூன்றாவது காப்பியம், நான்காவது சிற்றிலக்கியம், ஐந்தாவது சிறுகதையும் மொழிப்பயிற்சியும். பாடந்தழுவிய இலக்கிய வரலாறு எல்லா அலகுகளுக்கும் பொது. பாடல், அதிகாரம், காதை, சிறுகதை எனத் தனித்தனியே எண்ணியபோது மொத்தம் 27 பாடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் தகுதியற்றது என நீக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் என்ற அளவில் அது குறையற்றது.

அதனை நாட்காட்டியின்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் குறை புலப்பட்டது. வாரத்திற்கு 6 பாடவேளை. பருவத்திற்கு 15 வாரம். ஆக 90 பாடவேளை எனத் தாளின் தலைப்பில் அச்சிடப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு நான் அதே தாளைக் கற்பித்திருந்தமையால் என் வருகைப் பதிவேட்டையும் பாடக்குறிப்பேட்டையும் எடுத்து, உண்மையில் நடந்த வகுப்புகளை எண்ணினேன். பொங்கல் விடுமுறையும் பிற அரசு விடுமுறைகளும் 8 பாடவேளைகளைக் கொண்டன. இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் மாதிரித் தேர்வும் 9 பாடவேளைகள். விளையாட்டு விழா, ஆண்டு விழா, துறை விழாக்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆகியன 7 பாடவேளைகள். பருவத் தொடக்கத்தில் விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்ற நாள்களில் 5 பாடவேளைகள். எஞ்சியவை 61. இலக்கிய வரலாற்றிற்குப் பத்தும் மொழிப்பயிற்சிக்கு எட்டும் ஒதுக்கினால் 43 பாடவேளைகளே 27 பாடங்களுக்கும் உரியன. ஒரு பாடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாடவேளை.

ஒன்றரைப் பாடவேளையில் ஒரு குறுந்தொகைப் பாடலை வாசித்துப் பொருள் சொல்லிவிடலாம். மாணவர் அதை வாய்விட்டுப் படிப்பதையோ, பதம் பிரிப்பதையோ, வினவுவதையோ அந்த நேரம் தாங்காது. கற்பிப்போன் விரையாமலும் வெகுளாமலும், கொள்வோன் கொள்ளும் வகை அறிந்தும் பாடம் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. விரைந்தாலன்றி முடிக்க இயலாத ஒரு திட்டத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, விரையாதே எனக் கூறுவது பொருத்தமற்றது. பாடத்திட்டத்தை வரைவோர் ஆசிரியனின் கற்பிக்கும் முறையையும் அப்போதே முடிவு செய்துவிடுகின்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

சென்று தேய்ந்திறுதல்

நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக நன்னூல் சுட்டுவது சென்று தேய்ந்திறுதல். எடுத்த எடுப்பில் விரிந்து, போகப்போக மெலிந்து, முடிவில் ஒன்றுமில்லாது போதல் என அதனை விளக்கலாம். என் பாடக்குறிப்பேடு அக்குற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்தது. முதல் அலகைக் கற்பிக்க நான் 17 பாடவேளைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். திணை, துறை, கூற்று, உள்ளுறை என ஆய்வு மாணவியின் ஆர்வத்தோடு விரித்திருந்தேன். ஐந்தாம் அலகிலுள்ள நான்கு சிறுகதைகளுக்கும் சேர்த்து எஞ்சியவை இரண்டே பாடவேளைகள். அவற்றில் கதைகளை வாசிக்கவில்லை; கதைச்சுருக்கத்தைச் சொன்னேன். வகுப்பின் முடிவில் ஒரு மாணவர் எழுந்து, "கதையப் படிக்கணுமாம்மா, கைடு போதுமா?" என்று கேட்டார். அவர் குறும்பாகக் கேட்கவில்லை. என் வகுப்பிலிருந்து அவர் வருவித்துக்கொண்ட முடிவு அது. நானே கதையைப் படிக்காமல் சுருக்கத்தைச் சொல்லும்போது, அவர் ஏன் படிக்க வேண்டும்?

இது என் ஒருத்தியின் குறை மட்டுமன்று என்றே கருதுகிறேன். ஆய்வுப் பின்புலத்தோடு வகுப்பறைக்குள் நுழையும் புதிய ஆசிரியர் தம் ஆய்வுக்களத்திற்கு நெருக்கமான அலகில் நிலைத்துவிடுகிறார். தேர்வு நெருங்கும்போது எஞ்சியவற்றை ஓட்டமாக முடிக்கிறார். அலகுதோறும் பாடவேளை குறிக்கப்படாத பாடத்திட்டம் இதற்கு இடங்கொடுக்கிறது. குறிக்கப்படும் இடங்களிலும், அலகு ஒன்றிற்கு 18 என 90ஐ ஐந்தால் வகுத்து எழுதிவிடுவதே வழக்கம். குறளின் ஓர் அதிகாரமும் ஒரு காப்பியக் காதையும் ஒரே அளவு நேரத்தைக் கோருவனவா என்னும் வினா அங்கு எழுவதில்லை.

பாயிரம் கேட்கும் வினாக்கள்

பாடத்திட்ட ஆக்கம் பற்றி எனக்கு வழிகாட்டும் நூல்களைத் தேடியபோது, ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட கலைத்திட்ட நூலின் நான்கு வினாக்கள் கிடைத்தன: அடைய வேண்டிய நோக்கங்கள் யாவை, அவற்றுக்குரிய கற்றல் அனுபவங்கள் யாவை, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது. தெளிவான வினாக்களே. எனினும், அவற்றைப் படித்தபோது முதுகலையில் மனனம் செய்த சிறப்புப்பாயிர இலக்கணம் நினைவிற்கு வந்தது. நூல் செய்தவன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினையும், அவற்றோடு காலம், களன், காரணம் என்னும் மூன்றினையும் அது கூறும்.

இருபதாம் நூற்றாண்டுக் கல்வியியல் முழுவதும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது என நிறுவுவது என் நோக்கமன்று. பாயிரம் ஒரு நூலுக்கு முகமாக அமைவது. பாடத்திட்டம் ஒரு பருவத்திற்கு வகுக்கப்படுவது. இரண்டும் வேறு. ஆனால் ஒரு நூலைக் கையில் எடுக்கும் மாணவனுக்கு முதலில் சொல்லப்பட வேண்டுவன எவை என நம் இலக்கண மரபு எண்ணிப் பார்த்திருக்கிறது. தமிழ்த்துறை வகுக்கும் பாடத்திட்டத்தில் அந்த எண்ணத்தின் சுவடே இல்லாதிருப்பது வியப்பளிக்கிறது. நம் பாடத்திட்டங்கள் நுதலிய பொருளை விரிவாகவும் பயனைச் சடங்காகவும் சொல்கின்றன. யாப்பையும் கேட்போரையும் சொல்வதே இல்லை. இவ்விரண்டையும் சற்று விரித்துக் காணலாம்.

கேட்போர்

என் வகுப்பில் 64 மாணவர்கள் இருந்தனர். தமிழ்வழியில் பயின்று செய்யுளை ஓரளவு தயக்கமின்றிப் படிப்போர் ஒருசாரார். ஆங்கிலவழியில் பயின்று தமிழை ஒரு மொழிப்பாடமாக மட்டும் அறிந்தோர் மற்றொரு சாரார். வீட்டில் தமிழ் பேசினும் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டியே படிப்போர் மூன்றாம் சாரார். பழைய பாடத்திட்டம் இம்மூவரையும் அறியாது. இலக்கிய மாணவருக்குரிய முதன்மைப் பாடத்தின் சுருக்கமாகவே அது அமைந்திருந்தது. பகுதி ஒன்று தமிழ் என்பது பகுதி மூன்று தமிழின் சிறு வடிவம் என்னும் எண்ணமே இங்குள்ள அடிப்படைப் பிழை என்பது என் கருத்து. இலக்கியத்தை வாழ்நாள் துறையாகக் கொள்வோர்க்குப் பரப்பு இன்றியமையாதது. ஒரே பருவத்தில் தமிழ் வகுப்பை விட்டு வெளியேறப் போகின்றவர்க்கு, பிறர் துணையின்றி ஒரு பழம்பாடலை எடுத்துப் படிக்க முடியும் என்னும் துணிவு வேண்டும். முன்னையது ஓரளவேனும் பட்டியலால் நிறைவேறும். பின்னையது பயிற்சியாலன்றி நிறைவேறாது.

யாப்பு

பாயிரம் கூறும் யாப்பு என்பதற்கு, இன்ன நூலைக் கேட்டபின் இன்ன நூலைக் கேட்டல் தகும் என்னும் இயைபு என உரைகாரர் பொருள் கொள்வர். பாடங்களின் வரிசை குறித்த சிந்தனை இச்சொல்லுள் அடங்கியிருக்கிறது. நம் பாடத்திட்டங்களில் வரிசை இரு வகையாக அமைகிறது. பழமையிலிருந்து புதுமைக்கு வருவது ஒன்று. புதுமையிலிருந்து பழமைக்குச் செல்வது மற்றொன்று. முன்னதற்கு வரலாறும் பின்னதற்கு எளிமையும் காரணமாகக் காட்டப்படும். இரண்டுமே காலத்தை அளவுகோலாகக் கொண்டவை. கற்பவனிடம் முதற்பாடம் எந்தத் திறனை வளர்த்து, இரண்டாம் பாடத்திற்கு அவனை அணியப்படுத்துகிறது என்பதை இரண்டும் கேட்பதில்லை.

திறனை அளவுகோலாகக் கொண்டால் வரிசை மாறுகிறது. ஏழு சீரில் முடியும் குறளில் பதம் பிரிக்கப் பழகியவன், நான்கடி முதல் எட்டடி வரை அமைந்த குறுந்தொகைக்குச் செல்லலாம். அதிலிருந்து ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரையுள்ள நற்றிணைக்குச் செல்லலாம். அகப்பாடல்களை அடியளவு கொண்டு தொகுத்த தொகுப்பாளர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, கற்போனுக்கு ஓர் ஏணியையும் அமைத்துத் தந்துள்ளனர். அந்த ஏணியில் ஏறியவனே காப்பியக் காதை ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் மூச்சைப் பெறுவான். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்தில் அச்சிட்ட பாடத்திட்டம் ஏதும் இல்லை. எனினும் அந்தாதி, பிள்ளைத்தமிழ் எனச் சிற்றிலக்கியங்கள் பலவற்றைக் கடந்து பெருநூல்களுக்குச் செல்லும் ஒரு வரிசை அங்கு இருந்தது. யமகமும் திரிபும் நிறைந்த அந்தாதிகளில் பதம் பிரித்துப் பழகிய பயிற்சி பின்னர்ச் சுவடிகளைப் படிக்கும் பணிக்கு உதவியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

இவ்வாறு வரிசையை மாற்றியபோது என் வரைவில் குறள் முதல் அலகாகவும், குறுந்தொகையும் நற்றிணையும் இரண்டாம் அலகாகவும், காப்பியம் நான்காம் அலகாகவும் அமைந்தன. சிறுகதை ஐந்தாம் அலகிலிருந்து மூன்றாம் அலகிற்கு வந்தது. செய்யுளில் களைத்த மாணவர் நடுவழியில் இளைப்பாறவும், சிறுகதை பருவ இறுதியின் ஓட்டத்திற்கு இரையாகாதிருக்கவும் அம்மாற்றம் வேண்டியிருந்தது. ஐந்தாம் அலகில் புதிய பாடம் எதனையும் வைக்கவில்லை. முன்னைய நான்கு அலகுகளில் பயின்றவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேசவும் எழுதவும் அதனை ஒதுக்கினேன்.

காற்கூறும் மீதமும்

நன்னூற் பொதுப்பாயிரத்தின் கோடல் மரபு பகுதியில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய இரு காலும் நிறையும். இக்கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நாம். அதன்படி ஒரு பருவத்தின் நேரத்தை வகுத்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? என் 61 பாடவேளைகளில் ஏறத்தாழ அனைத்தும் முதற் காற்கூறுக்கே சென்றிருந்தன.

ஒரு பாடத்தை மட்டும் இக்கணக்கின்படி நடத்திப் பார்த்தேன். சிலப்பதிகார வழக்குரை காதைக்கு முந்தைய ஆண்டு இரண்டு பாடவேளைகள் கிடைத்திருந்தன. இம்முறை எட்டு ஒதுக்கினேன். முதல் இரண்டில் காதை முழுவதையும் வாய்விட்டுப் படித்துப் பொருள் கூறினேன். அடுத்த இரண்டில் மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, யார் யாரிடம் என்ன சொல்கின்றனர், எது சான்றாகக் காட்டப்படுகிறது என்பதை நூலடிகளைக் கொண்டு பட்டியலிட்டனர். எஞ்சிய நான்கில் ஒவ்வொரு குழுவும் ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு வகுப்பின்முன் பேசியது. அரசன் தரப்பில் பேச ஒப்புக்கொண்ட குழு திணறியது. அப்போது மற்றொரு குழுவிலிருந்து ஒரு மாணவி, "வவுச்சரப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாரும்மா, அதான் தப்பு" என்றார். வகுப்பு சிரித்தது, பின் அதையே பற்றிக்கொண்டு அரை மணி நேரம் வாதிட்டது. பொற்கொல்லன் சொல்லை அரசன் சரிபார்க்காத இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லாத கொலைக்களக் காதைக்குத் தாமே சென்றனர். கணக்குப் பதிவியல் பயிலும் ஒரு மாணவி தன் துறையறிவால் ஒரு காப்பியத்தின் முடிச்சைத் தொட்ட அந்த நேரம் என் இரண்டாண்டுப் பணியில் மிகப் பயனுள்ளதெனக் கருதுகிறேன். பழைய இரண்டு பாடவேளைக் கணக்கில் அந்த மாணவி வாய் திறந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லாப் பாடங்களுக்கும் எட்டுப் பாடவேளை ஒதுக்குதல் இயலாது. பருவத்திற்கு ஒன்றிரண்டு பாடங்களேனும் இவ்வாறு முழுக் கணக்கோடு நடத்தப்பட வேண்டும். ஏனையவை அளவிற்கேற்பக் குறையலாம். அதற்கு 27 பாடங்கள் இடந்தாரா. என் வரைவில் 14 பாடங்களே இருந்தன.

பயனை எழுதும் முறை

இன்று பாடத்திட்டப் படிவம் கற்றல் விளைவுகளை முதலிலேயே கேட்கிறது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாராய்தல், மதிப்பிடல், படைத்தல் என்னும் ஆறு படிநிலைகளுள் எதனை அவ்விளைவு சாரும் எனக் குறித்தல் வேண்டும். பின்னர்ப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தி 3, 2, 1 என மதிப்பெண்ணிட்டு ஓர் அட்டவணையை நிரப்புதல் வேண்டும். நான் முதலில் செய்த பிழையை மறைக்காமல் கூறுகிறேன். எந்தப் பாடலை வைப்பது என முடிவு செய்வதற்கு முன்பே, வேறொரு தாளின் அட்டவணையைப் பார்த்து இந்த எண்களை நிரப்பிவிட்டேன். எவரும் அதை வினவவில்லை.

படிவத்தின்மீது மட்டும் குறை கூறுதல் எளிது. பயன் யாது என்னும் வினா நம் மரபிற்குப் புறம்பானதன்று. சங்க இலக்கியத்தின் சிறப்பை உணர்வர், அறநெறிகளை அறிவர் என நாம் எழுதும் விடைகளே வெறுமையானவை. உணர்ந்தனரா என்பதை நாம் சோதிப்பதில்லை, சோதிக்கவும் இயலாது. முன்பு பயிலாத ஒரு குறளைப் பதம் பிரித்துப் படிப்பர். உரையின் துணைகொண்டு ஒரு குறுந்தொகைப் பாடலின் கூற்று யாருடையது எனக் காரணத்தோடு கூறுவர். ஒரு சிறுகதையை முழுதும் படித்து அதன் முடிவு குறித்துத் தம் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதுவர் என எழுதினால், அவை நடந்தனவா இல்லையா என்பது தெரிந்துவிடும். பயனை இவ்வாறு எழுதியவர் அதற்குரிய பாடவேளையையும் ஒதுக்கியாக வேண்டும். அதற்கேற்ப வினாத்தாளும் மாற வேண்டும். 75 மதிப்பெண்ணுக்குரிய வினாத்தாள் முழுவதும் தொகுத்துரைக்க, விளக்குக என்றே அமையுமானால் கையேடே போதும். பயிலாத பாடல் ஒன்றை உரையோடு கொடுத்து வினவும் ஒரே ஒரு பத்து மதிப்பெண் வினா இருப்பினும், வகுப்பின் போக்கு மாறிவிடும்.

ஒரு மறுப்பும் அதன் வலிமையும்

பாடத்திட்டக் குழுவில் என் வரைவு முன்வைக்கப்பட்டபோது எழுந்த மறுப்புகளுள் ஒன்று இன்றும் என் நினைவில் உள்ளது. மூத்த பேராசிரியர் ஒருவர் கூறியதன் சாரம் இது: தாம் இளநிலை மாணவராக இருந்தபோது பொருள் விளங்காமலே கேட்ட ஒரு பாடல், முப்பது ஆண்டுகள் கழித்து, தந்தையின் இறப்பின்போது விளங்கியது. அன்று வகுப்பில் நேரமில்லை என்று அதனை நீக்கியிருந்தால் அது தம்மிடம் இருந்தேயிராது. இந்த மாணவர்க்கு இதுவே இறுதித் தமிழ் வகுப்பு என்றால், குறைப்பதற்கன்றிக் கூட்டுவதற்கே அது காரணமாக வேண்டும்.

இம்மறுப்பிற்கு என்னிடம் முழுமையான விடையில்லை. விளங்காமல் கேட்டதும் விதையாகும் என்பது உண்மை. ஆயினும் கேட்டால்தான் விதையாகும். இரண்டு பாடவேளைகளில் நான்கு கதைச்சுருக்கங்களைச் சொன்ன என் வகுப்பில் எந்தக் கதையும் எவர் காதிலும் விழவில்லை. பட்டியலில் இருத்தல் வேறு. வகுப்பில் ஒலித்தல் வேறு. அவர் கருத்தை ஏற்று, தேர்விற்கு உரியதல்லாத ஐந்து பாடவேளைகளைக் கேட்டலுக்கென்று ஒதுக்கலாம் எனக் கூறினேன். அவ்வேளையில் ஆசிரியர் தாம் விரும்பும் பாடல்களை நன்கு படித்துக் காட்டுவார். விளக்கமோ வினாவோ இராது. தேர்விற்கு உட்படாத பகுதியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க விதியில்லை என அது ஏற்கப்படவில்லை. முடிவில் 14 என்பது 19 ஆயிற்று. அலகுதோறும் உண்மையான பாடவேளையைக் குறிக்கும் முறையும், பயிலாத பாடல் குறித்த ஒரு வினாவும் ஏற்கப்பட்டன. வென்றேன் என்றோ தோற்றேன் என்றோ இதனைக் கொள்ளவில்லை. பாடத்திட்டம் பலர் கூடி எழுதும் நூல். ஒருவர் விருப்பம் அதில் முழுமையாக நிறைவேறாதிருத்தல் நன்றே.

புதிய ஆசிரியர்க்குரிய ஆயத்தம்

பள்ளி ஆசிரியர்க்குக் கல்வியியல் பட்டம் கட்டாயம். கல்லூரி ஆசிரியர்க்கு அவ்வாறில்லை. தகுதித் தேர்வின் முதல் தாள் கற்பித்தல் திறனைச் சோதிப்பினும், அது கொள்குறி வினாக்களோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், எத்துறை ஆய்வாளராயினும் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என வகுத்துள்ளன. அவ்விதிக்கு உயிர்கொடுக்கத் தமிழ்த்துறைகள் ஓர் எளிய பயிற்சியை மேற்கொள்ளலாம். ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆய்வு முன்படிப்பின்போது ஒரு பருவத்திற்குரிய பாடத்திட்டத்தை நாட்காட்டியோடும் வினாத்தாளோடும் எழுதி, துறைக் கருத்தரங்கில் முன்வைத்து, மறுப்புகளுக்கு விடையளிக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பைக் காத்து நிற்பதுபோலத் தம் தேர்வையும் காத்து நிற்கப் பழகுவர்.

இணைவுபெற்ற கல்லூரிகளில் பணியாற்றுவோர்க்குப் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை இல்லை. 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டங்களை முன்வைத்தபோது எழுந்த விவாதம், அவ்வுரிமை யாருக்குரியது என்பதைச் சுற்றியே அமைந்தது. அது வேண்டிய விவாதமே. ஆனால் பாடத்தைத் தேரும் உரிமை இல்லாதவிடத்தும் நேரத்தைப் பகிரும் உரிமை ஆசிரியரிடமே உள்ளது. பருவத் தொடக்கத்தில் விடுமுறைகளைக் கழித்து எண்ணி, அலகுதோறும் நாள் குறித்து, அத்தாளை மாணவர் கையில் கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடமுண்டு. அவ்விடத்தைப் பயன்படுத்தி, தமிழைத் துறையாகக் கொள்ளாத முன்னாள் மாணவர் ஒருவரையும் சிறப்பு அழைப்பாளராகக் கேட்கலாம். பகுதி ஒன்று தமிழில் எது அவரிடம் எஞ்சியுள்ளது என்பதை அவரே சொல்ல முடியும்.

நிறைவுரை

பாடத்திட்டத்தில் எந்த நூல் இடம்பெற வேண்டும் என்னும் வினாவில் தமிழ்த்துறைகள் நீண்ட காலம் வாதிட்டுள்ளன, இனியும் வாதிடும். அதற்கு இணையான அக்கறையோடு, இடம்பெற்ற நூலுக்கு எத்தனை மணி நேரம் என்னும் வினாவும் கேட்கப்பட வேண்டும் என்பதே இக்கருத்துரையின் வேண்டுகோள். நேரம் ஒதுக்கப்படாத பாடம் மாணவரைச் சென்றடைவதில்லை. யாப்பு, கேட்போர், பயன் ஆகிய மூன்றையும் பாடத்திட்டத்தின் முதற்பக்கத்தில் எழுதுவதும், கோடல் மரபு கூறும் கணக்கை நினைவிற்கொண்டு பாடவேளையைப் பகிர்வதும் தமிழ்த்துறைக்குப் புதியன அல்ல. நாமே கற்பிக்கும் இலக்கண நூலை நாமே பின்பற்றுதல் மட்டுமே.

இப்பருவத்தில் அந்தத் தாளை மீண்டும் கற்பிக்கிறேன். முதல் வகுப்பில் மாணவர்க்கு ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். எதற்குப்பின் எது, யாருக்காக, என்ன பயன், எந்த வாரம் என்பன அதில் இருந்தன. கேட்டலுக்குரிய ஐந்து பாடவேளைகள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களை அதற்கென வைத்துக்கொண்டுள்ளேன். சென்ற வாரம் அந்நேரத்தில் ஒரு புறநானூற்றுப் பாடலைப் படித்தேன். ஒரு மாணவர், இது தேர்விற்கு வருமா எனக் கேட்டார். வராது என்றேன். அப்படியாயின் இன்னொரு முறை படியுங்கள் என்றார்.